இரண்டு அட்டை மாத்திரை

"இது வெறும் வயித்துலதானே போடணும்?" என்று கேட்டாள் டிரைவரின் மனைவி.

"ஆமா. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி."

மருந்துக் கடைக்காரன் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஓர் அட்டை எடுத்துக் கவரில் போட்டபடி அவள் முகத்தைப் பார்த்தான். வெளுத்துப் போயிருந்தாள். தையல் கம்பெனியிலிருந்து நேரே வந்திருக்கிறாள், புடவையில் ஒரு நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வலி எப்படி இருக்கு?"

"அதே கதைதான். ராத்திரி ரெண்டு மணியானா டாண்ணு எழுப்பி விட்டுடுது. நெஞ்சுக்குக் கீழ, நெருப்பு வச்ச மாதிரி. பால் காய்ச்சிக் குடிச்சா கொஞ்சம் அடங்கும். விடியறதுக்குள்ள மறுபடி ஆரம்பிச்சுடும்."

இரண்டு மணிக்கு எழுந்து பால் காய்ச்சுகிறாளாம். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடங்களுக்கு முன் இவளிடம்தான் அவன் தன் மனதைச் சொன்னான். "வேற ஒருத்தரைப் பிடிச்சிருக்கு, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய் லாரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாள். இவனுக்குக் காய்ச்சல் வந்தால் வெந்நீர் வைத்துத் தர ஆள் கிடையாது. அந்த லாரிக்காரனுக்குப் பாதி ராத்திரியில் பால்.

"இன்னொண்ணு..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு நாளா வெளிக்குப் போனா கறுப்பா இருக்கு. தார் மாதிரி."

கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். குடல் புண்ணில் ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும் என்பது அவனுக்குத் தெரியும். எதனால் கசியும் என்பதும் தெரியும். டிரைவர் வாரம் தவறாமல் இதே கடையில் வலி மாத்திரை ஓர் அட்டை வாங்கிப் போகிறான். விடாமல் போட்டால் வயிற்றையே அரித்துவிடக்கூடிய மாத்திரை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அவன் மனம் வேறு எங்கேயோ போய் நின்றது. இதைக்கூடவா இவளிடம் சொல்கிறான் அந்த ஆள்? அந்த அளவுக்கா ஒட்டுதல்?

"சத்து மாத்திரை ஏதாவது போட்டாக்கூட அப்படி இருக்கும்," என்றான். "பயப்படாதீங்க. இந்த அட்டை முடியட்டும், பார்க்கலாம்."

"சரிங்க. நான் இதை வாங்கறது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா வண்டியை எடுக்காம வீட்டுலயே உட்கார்ந்துடுவார்."

பாலில் கலந்து கொடுக்கிறாள் போலிருக்கிறது. கொடுத்து வைத்தவன் என்று முணுமுணுத்துக்கொண்டான்.

அவள் போனதும், உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த அக்கா தலையை நீட்டினாள்.

"ஏன்டா, அவ வீட்டுக்காரர்கிட்ட அந்த வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லுன்னு சொன்னேனே, சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்கா."

"என்ன சொன்னார்?"

"தலையை ஆட்டினார். கேட்டாத்தானே."

முழுப் பொய். அக்கா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள்.

"உனக்கு இன்னும் அவங்க மேல கோபம் போகல."

"எனக்கா? எனக்கு வேற வேலை இல்ல பாரு," என்று அவன் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.

சாயங்காலம் டிரைவர் வந்தான். வாசலில் லாரி நின்றது. கையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

"அண்ணே, வழக்கமானது ஒரு அட்டை."

ஆள் தூண் மாதிரி நின்று சிரித்துக்கொண்டிருந்தான். வலியை வெளியே காட்டாத அழுத்தக்காரன் என்று நினைத்துக்கொண்டான் கடைக்காரன். இருந்தாலும் அவனுக்கு மனசாட்சி உறுத்தியது. நிறுத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூன்றே வார்த்தை, நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சீக்கிரம் குடுங்கண்ணே. வீட்டுல காத்துட்டிருப்பா. நான் போகாம ஒரு வாய் சாப்பிட மாட்டா."

வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

"வலி எப்படி?" என்று மட்டும் கேட்டான்.

"இப்பல்லாம் சரியா கேக்க மாட்டேங்குதுண்ணே."

"இதுலயே கொஞ்சம் பவர் கூடினது இருக்கு. தரட்டுமா?"

"குடுங்க, புண்ணியமாப் போகும்."

சாகட்டும் என்று அவன் நினைக்கவில்லை. நாலு நாள் துடிக்கட்டும், ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருக்கட்டும் என்றுதான் நினைத்தான். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினான்.

மூன்றாம் நாள் காலை, ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தான். டிரைவர் தெருவில் ஓடி வந்தான். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

"அண்ணே, நீங்க குடுத்த மாத்திரை பேரு என்ன? டாக்டர் உடனே எழுதி வாங்கிட்டு வரச் சொன்னார்."

அக்கா பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "முதல்ல உட்காருங்க தம்பி. ரத்த வாந்தி எடுத்துட்டு இப்படியா ஓடி வருவாங்க? அந்த மாத்திரை வேண்டாம்னு இவன் சொன்னானே, கேட்டீங்களா?"

டிரைவர் திகைத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாரும் எதுவும் சொல்லலையே அக்கா. நான் ஒரு மாத்திரைகூட முழுங்கினதில்ல. நாள் பூரா மெஷின்ல குனிஞ்சு அவளுக்குத்தான் கழுத்து வலி, அவளுக்குத்தான் வாங்கிட்டுப் போனேன். சட்டையில இருக்கறது அவ ரத்தம்."