ஓசையில்லாத இறக்கம்

வெண்ணந்தூர் இறக்கத்தில் பஸ் சாலைக்குக் குறுக்கே நிற்கிறது. தறிக்காகக் கஞ்சி போட்டு, சாலையிலேயே வெயிலில் நீட்டிக் கட்டிய பாவு நூல் அறுந்து சக்கரத்தில் சுற்றியிருக்கிறது. தினமும் பஸ் இரைச்சல் கேட்டதும் நெசவாளர்கள் பாவைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். இன்று யுத்தகால ரேஷன் பெட்ரோலை மிச்சப்படுத்த டிரைவர் மருதாசலம் மேட்டிலேயே இன்ஜினை அணைத்துவிட்டார். உள்ளே இருந்த நான் அந்த அமைதியை ரசித்தேன் என்றுதான் நினைக்கிறேன். திருப்பம் தாண்டியதும் பிரேக் போட்டும் பஸ் நிற்கவில்லை. பாவோடு நின்ற சுப்பம்மாள் கஞ்சிக் கையோடு சாய்ந்து கிடக்கிறாள், அசைவில்லை.

"சத்தம் கேட்டிருந்தா ஒதுங்கியிருப்பாளுங்களே," என்கிறான் அவள் கணவன் மணியன்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிரலாமுங்க," என்று மருதாசலம் பஸ்ஸின் முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றுகிறார். இன்ஜின் இரைகிறது. மணியன் சட்டென்று அவள் காதருகே குனிகிறான்.

"பஸ்ஸு வருது, எந்திரி சாமி."