பனிக்கல் போகும் வழி

"தம்பி, பனிக்கல்லுக்கு எப்படிப் போகணும்? உம்மகிட்டதான் கேக்கணும்னு எங்க வீட்ல சொன்னாவ."

எதிர்வீட்டுப் பரமசிவன் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் மாரிச்செல்வியையும் புது மாப்பிள்ளையையும் அடுத்த வாரம் மலைக்கு அனுப்பப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை. தீப்பெட்டி ஆபீஸ் லீவு. பாலகணேஷ் பேப்பரை மடித்தான்.

"மதுரை போய் பஸ் மாறணும் அண்ணாச்சி. ஏரி, குளிரு, மேகம்... மலைன்னா எல்லாம் ஒண்ணுதான?"

"அதெப்படி ஒண்ணாகும்?" காபித் தம்ளரோடு வந்தாள் பொன்மணி. கல்யாணமாகி இரண்டு மாதம். "காலையில எட்டு மணிக்குள்ள மேல போயிரச் சொல்லுங்க அண்ணாச்சி. இருபத்திரெண்டு கொண்டை ஊசி வளைவு. பதினாலாவது வளைவுல மேகம் இறங்கிட்டா, முன்னால போற லாரி தெரியாது."

"அப்படியா!"

"அந்த ஏரியும் தானா உண்டானதில்ல. தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சிக்கு வேலை செஞ்ச சனங்க மூணு ஓடையை மறிச்சு வெட்டினது. கரையில கல்லு நட்டிருக்கு. வெட்டச் சொன்ன துரை பேரு இருக்கும், வெட்டினவன் பேரு இருக்காது."

"அதான ஊரு வழக்கம்!" அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரித்தார். "மழை இருக்குமா தங்கச்சி?"

"மேற்குச் சரிவுல ஆனி ஆடியில கொட்டித் தீர்க்கும். கிழக்குச் சரிவுல சொட்டு விழாது. அங்கன எங்க இடைசெவல் மாதிரிதான், வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

பாலகணேஷுக்குக் காபி கசந்தது. இடைசெவல்காரி. கழுகுமலையைத் தவிர வேறு மலையை ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்று மாமனார் அடித்துச் சொன்ன பெண்!

"தங்குததுக்கு?"

"சர்ச்சுக்குப் பின்னால டோலித் தெரு. ரோடு வாரதுக்கு முன்ன துரைமாரை டோலியில தூக்கிட்டு வந்தவிய குடியிருந்த தெரு. ரெண்டு பக்கமும் பாறை மறைக்கும். ராத்திரி குளிரு அவ்வளவா தெரியாது."

ராத்திரிக் குளிர்! படுத்துப் பார்க்காமல் அது எப்படித் தெரியும்? யாரோடு படுத்துப் பார்த்தாள்?

"பள்ளிக்கூட வாத்தியாரே உங்கிட்ட தோத்தான் போ!" என்று சிரித்தபடி அண்ணாச்சி எழுந்து போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான் பாலகணேஷ். முகம் கறுத்திருந்தது.

"ஏட்டி, உன்னை அங்க கூட்டிட்டுப் போனவன் யாரு?"

"என்னது?"

"டோலித் தெருவாம், குளிரு தெரியாதாம்! பேரைச் சொல்லு. சொல்லலைன்னா இன்னைக்கு மத்தியான பஸ்ஸுலயே இடைசெவல்ல கொண்டுபோய் விட்டிருவேன்."

பொன்மணி அவனையே பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழவில்லை.

"நான் மதுரைப் பக்கமே போனதில்ல. எல்லாம் லைப்ரரியில படிச்சதுதான். மலையூர்களைப் பத்தித் தலகாணி மாதிரி ஒரு புஸ்தகம். நிச்சயம் பண்ணின நாள்ல இருந்து மூணு மாசம் எடுத்து எடுத்துப் படிச்சேன்."

"கல்யாணப் பொண்ணுக்குப் படிக்க வேற புஸ்தகம் கிடைக்கலையாக்கும்?"

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்க அக்கா சொன்னாவல்லா? தம்பி அஞ்சு வருஷம் பனிக்கல் எஸ்டேட்ல ரைட்டரா இருந்தான், அதான் கல்யாணம் தள்ளிப்போச்சுன்னு. நீங்க இருந்த ஊராச்சே, நீங்க பேசினா நானும் கூடப் பேசணும்னு ஆசை. ரெண்டு மாசமாக் காத்துக்கிட்டிருக்கேன். நீங்க அந்த ஊரு பேரையே எடுக்கலை."

பாலகணேஷுக்கு மூச்சு வந்தது. நெஞ்சில் கிடந்த பாறை உருண்டு போனதுபோல் இருந்தது. மெல்லச் சிரித்து அவள் கையைப் பிடித்தான்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"இன்னைக்கு அண்ணாச்சி கேட்டதுக்கு மலைன்னா எல்லாம் ஒண்ணுதான்னீங்க. ஒரு தெரு பேரு உங்க வாயில வரலை. அந்த அஞ்சு வருஷமும் நீங்க எங்க இருந்தீங்க?"

நாகலாபுரத்தில், அஞ்சு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டுத் பேசித் தீர்த்துவிட்ட முதல் பெண்டாட்டி சொர்ணத்தாயின் வீட்டில் என்று எப்படிச் சொல்வான் பாலகணேஷ்?