கிடா நடை

“ஏண்டி பாஸிலா, தியேட்டரே சிரிக்குது. உங்க அத்தா மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு?”

கமர்ஜஹான் மகளின் காதில் கிசுகிசுத்தாள். அந்த ஏசிக் குளிரிலும் பாஸிலாவுக்கு வியர்த்தது.

திரையில் ஒரு கிழட்டு ஆட்டுக்கிடா மந்தைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. எதிரே ஓர் ஓடை. கணுக்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. “செத்தப் பொறுங்கப்பு!” என்று மந்தையை அடக்கிவிட்டு, கிடா ஒரு காலை நனைத்துப் பார்த்தது. எடுத்தது. திரும்பிப் பார்த்து எல்லாரும் இருக்கிறார்களா என்று சரிபார்த்தது. மறுபடியும் அதே காலை நனைத்தது. அதற்குள் குட்டிகளெல்லாம் தாண்டிப் போய் அக்கரையில் மேய ஆரம்பித்துவிட்டன. தியேட்டரில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் கிடாவை நடக்க வைத்தவள் பாஸிலாதான். சென்னையில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் வேலை. படத்தில் வரும் பயந்தாங்கொள்ளித் தலைவனை அவள் கையில் ஒப்படைத்திருந்தார்கள். அவள் செய்து காட்டிய நடை எதுவும் இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. “மரப்பொம்மை நடக்குற மாதிரி இருக்கு. பெருநாளைக்கு ஊருக்குப் போயிட்டு வாங்க. அப்பவும் சரியா வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

திண்டுக்கல் பேகம்பூர் வீட்டுக்கு வந்தவள், தோழியிடம் போனில் சொல்லி அழுது தீர்த்தாள். மறுநாள்தான் அத்தாவின் நடை அவள் கண்ணில் பட்டது.

அத்தா முகமது பாரூக் ஆட்டுத்தோல் வியாபாரி. எப்போதுமே கொஞ்சம் முன்ஜாக்கிரதைக்காரர்தான். ஆனால் அந்தப் பெருநாள் லீவில் அவர் செய்த அலப்பறை கொஞ்சநஞ்சமல்ல. ஆளே இல்லாத ரோட்டில் ஒரு காலை வைப்பார், எடுப்பார், பின்னால் வரும் குடும்பத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார், மறுபடி அதே காலை வைப்பார். பாஸிலா மெசேஜ் பார்ப்பதுபோல் செல்லைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் வீடியோ எடுத்தாள். அனிமேஷன்காரர்களுக்கு இது வழக்கம். நிஜ ஆளின் அசைவைப் படம் பிடித்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பொம்மைக்கு உயிர் கொடுப்பார்கள். அத்தாவிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நடை செயற்கையாகிவிடும் என்று பயந்தாள்.

கிடாவுக்கு உயிர் வந்துவிட்டது. இயக்குநருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பெற்ற தகப்பனை ஊர் சிரிக்க வைத்துவிட்டோமே என்பது மட்டும், குடும்பத்தோடு திண்டுக்கல் தியேட்டரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெட்ராஸும் பொம்மைப் படமும்?’ என்று சொந்தபந்தம் மொத்தமும் குதித்தபோது, ‘எம் மக போவா’ என்று ஒற்றை ஆளாக நின்றவர் அவர். அவருக்கா இப்படிச் செய்தோம்?

இடைவேளை விட்டதும், “செத்த வெளிய போயிட்டு வாரேன்” என்று அத்தா எழுந்து போனார். பாஸிலா பின்னாலேயே போனாள். படிக்கட்டு ஓரமாக நின்று யாரிடமோ தணிந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“யாருத்தா போன்ல?”

“ஒண்ணுமில்ல. நீ உள்ள போம்மா.”

பாஸிலா வந்து அம்மாவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அம்மா, அந்தக் கிடாவுக்கு நான் அத்தா நடையத்தாம்மா வச்சேன். அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அடிப்பாவி! பாத்த ஒடனே எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஒரு வார்த்தை அவருகிட்டக் கேட்டிருக்கக் கூடாது?”

“இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவருகிட்டப் பேசுவேன்?”

“ரோசக்கார மனுசன்டி. பாத்து நடந்துக்க” என்றாள் கமர்ஜஹான்.

படம் முடிந்தது. கூட்டம் எழுந்து கலைந்தது. அத்தா எழுந்திருக்கவில்லை. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, திரையில் ஓடிய பெயர்களையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் பெயர் வந்து போன பிறகும் பார்த்தார். கடைசி வரியும் போய், விளக்கைப் போட்டுவிட்டார்கள். அவர் முகம் தொங்கிப் போயிருந்தது.

பாஸிலாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“என்னைய மன்னிச்சிருங்கத்தா. உங்களக் கேலி பண்ணணும்னு செய்யல. உங்களுக்குத் தெரியாம ஒளிஞ்சு எடுத்தது தப்புத்தான்.”

“யாரு, நீ ஒளிஞ்சு எடுத்தியாக்கும்?” என்றார் அத்தா. “நடை சரியா வரலைன்னா வேலை போயிரும்னு போன்ல உன் சிநேகிதப் புள்ளைகிட்ட நீ அழுதது எங்காதுல விழுந்துச்சும்மா. நீ போனைத் தூக்குறப்பல்லாம், எம் மக வேலை நிக்கட்டும்னு நாந்தான் வேணும்னே அப்படி நடந்து காட்டினேன். அத ஒரு அடி விடாமப் பாக்கணும்னுதான் சிரிக்கக்கூட மறந்து உக்காந்திருந்தேன்.”

பாஸிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “பெறகு ஏன்த்தா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?”

“இடைவேளையில நம்ம சொந்தக்காரய்ங்க அம்புட்டுப் பேருக்கும் போன் போட்டு, ‘எம் மக படத்துல கிடாவா நடிச்சிருக்கது நாந்தான், கடைசியில பேரு வரும், எந்திரிச்சுப் போயிராம பாருங்க’ன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்ல… எங்கேம்மா என் பேரு?”