பத்தாவது கோரிக்கை

மூன்றாவது தடவையாகவும் சொம்பைத் தள்ளிவிட்டாள் போலீஸ்காரி ஆரோக்கியமேரி. தள்ளிய வேகத்தில் தண்ணீர் சிந்தி ஆர்த்தியின் துப்பட்டா நனைந்தது. ஆர்த்திக்கு இருந்த கோபச் சூட்டில் அது அடுத்த நொடியே காய்ந்தும் போனது.

"வேண்டாம்னா விடு பாப்பா. எத்தன தடவ சொல்றது?"

ஆர்த்திக்குப் பத்தொன்பது வயது. மலையூரான வளப்பூர் நாட்டிலிருந்து காலேஜுக்குப் போகிறவள். பெண்கள் உரிமைப் பேரணி என்று அவள் கலந்துகொள்வது இதுதான் முதல் தடவை. கொல்லிமலையில் கொடியில் காயப்போட்டிருந்த சேலைகளைத் தவிர மற்ற எல்லாச் சேலைகளும் அன்றைக்குச் சோளக்காடு ரோட்டில்தான் இருந்தன. அவர்கள் போட்ட கோஷத்தில் பலாப்பிஞ்சுகள் ஒரு மாதம் முன்னதாகவே பழுக்கப் பார்த்தன.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, பெண்கள் பேரில் பட்டா, சாயங்காலம் காலேஜ் பிள்ளைகள் ஊர் திரும்ப ஒரு பஸ். இப்படி ஒன்பது கோரிக்கைகளை மனுவாக எழுதியது ஆர்த்திதான். சந்தைக்கு முந்தின திருப்பத்தில் போலீஸ் குறுக்கே கயிறு கட்டி எல்லாரையும் நிறுத்தியிருந்தது. மனுவை வாங்க வேண்டிய அதிகாரி மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஜீப்பில் வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டே இருந்தார்.

"ஐயா எங்க வாராருங்க?" என்று பத்து மணிக்குக் கேட்டதற்கு, "இருபதாவது வளைவு" என்றார் எஸ்.ஐ. சதீஷ்குமார். பன்னிரண்டு மணிக்குக் கேட்டதற்கு, "இருபத்திரெண்டு" என்றார். மலை ரோட்டில் மொத்தம் எழுபது வளைவு.

வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தோபஸ்துக்கு வந்த ஏழு ஆண் போலீஸ்காரர்களும் ஆர்த்தி கொண்டுபோன தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தார்கள். பெரிய பலாமரத்துப் பின்னால் போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் குடித்தார்கள்.

பெண் போலீஸ் ஒரே ஒருத்திதான். "பொம்பளைங்க கூட்டம், நீதான் முன்னால நிக்கணும். கயித்த விட்டு ஒரு அடி நகரக் கூடாது மேரி" என்று எஸ்.ஐ. சொன்னதிலிருந்து, அவள் மைல்கல் மாதிரி நின்றாள். ஒரு சொட்டுத் தண்ணீர் தொடவில்லை.

"விடு சாமி, தாகமில்லியோ என்னமோ" என்றாள் ஆர்த்தியின் அம்மா மயிலம்மாள்.

"தாகமில்லியா? அந்த உதட்டப் பாரும்மா, வெடிச்சுக் கெடக்குது. நம்ம கையால குடிக்க மாட்டாங்க, அதுதான் சங்கதி. போன மாசம் கணக்கெடுக்க ஆபீசருங்க வந்தாங்களே, நம்மூட்டு மோரத் தொட்டாங்களா? கார்ல இருந்த பாட்டிலத்தானே தொறந்தாங்க?"

மயிலம்மாளின் முகம் சுண்டிப்போனது. அந்த மோரைக் கடைந்தவள் அவள்தான்.

அம்மாவின் அந்த முகத்தைப் பார்த்ததும் ஆர்த்திக்குப் பொறுக்கவில்லை. உரிமை கேட்டு வந்த இடத்திலேயே இப்படியா? அதுவும் ஒரு பெண்ணே இன்னொரு பெண்ணை?

"குனிம்மா" என்றாள். மயிலம்மாள் குனிய, மனுவை அவள் முதுகில் வைத்து ஆர்த்தி பத்தாவது கோரிக்கையை எழுதினாள். அழுத்திய அழுத்தில் பேனா காகிதத்தைத் தாண்டி ரவிக்கையிலும் இரண்டு வார்த்தை எழுதியது.

"யம்மாடி! முதுகுல என்னத்தடி உழுவுற?"

"அந்த போலீசம்மா வேலைக்கு வேட்டு வெக்கிறேன்."

அப்போதுதான் ஜீப்பின் ஹாரன் கேட்டது. "ஐயா வந்துட்டாரு!" என்று உட்கார்ந்திருந்த கூட்டம் ஒரே எழுச்சியாக எழுந்தது. மலை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

ஆர்த்தி ஒரு கையில் மனுவும் மறுகையில் சொம்புமாகக் கயிற்றுக்கு முன்னால் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"பத்து! மலை சனங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூசும் பெண் காவலர் ஆரோக்கியமேரி மீது உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்!"

"எடு! எடு!" என்று ரோடு முழுக்க அதிர்ந்தது. ஆரோக்கியமேரியின் முகத்தில் ரத்தமே இல்லை. இந்தக் காகிதம் ஜீப்புக்குப் போனால் வேலைக்கே ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். ஆர்த்திக்கும் தெரியும்.

ஆர்த்தி நாலாவது தடவையாகச் சொம்பை நீட்டினாள். "ஐயாகிட்ட குடுக்கறதுக்கு முன்னால நீங்களே சொல்லிப்போடுங்க. எங்க கையில அப்படி என்னங்க ஒட்டிக் கெடக்குது?"

ஆரோக்கியமேரி அந்தச் சொம்பைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள், விழுங்க எச்சிலும் இல்லை. எஸ்.ஐ. எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். அவர் பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு பலாமரத்துப் பின்னாலிருந்து ஜீப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

கயிற்றுக்கு மேலே குனிந்து, ஆர்த்தியின் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"விடிகாலம் நாலு மணிக்கு வண்டி ஏறினவ கண்ணு நான். குடிச்சுட்டு, எந்த மரத்துப் பின்னால போவேன்?"