குளியலறை வெளிச்சம்

யோசப் பொன்னாடையை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்தார். "படத்தை நிப்பாட்டுங்கோ," என்றார்.

படம் நின்றது. ஆனால் புரொஜெக்டரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரத் தேவாலய மண்டபத்தின் வெள்ளைச் சுவரில், குளியலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்த ஒரு பெண் அசையாமல் இருந்தாள். சின்ன யன்னலால் வந்த காலை வெளிச்சம் அவளுடைய வெறும் முதுகில் விழுந்திருந்தது. தோளிலிருந்து இடுப்புவரை, தைத்துத் தைத்து ஆறிய தழும்புகள்.

அந்த வெளிச்சத்துக்குத்தான் எவ்லினுக்கு விருது. பிரித்தானியாவின் சுயாதீனப் படங்களுக்குள் சிறந்த ஒளிப்பதிவு என்று லண்டனில் மேடையேற்றிக் கொடுத்திருந்தார்கள். வங்கியில் செய்துகொண்டிருந்த அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு அவள் கமரா படிக்கப் போனபோது, பெட்டைக்கு விசர் என்று ஏசியவர்கள்தான் இந்தப் பாராட்டு விழாவையும் வைத்தார்கள். பூசை முடிந்த கையோடு மண்டபம் நிரம்பிவிட்டது. படத்தையும் போட்டுக் காட்டவேண்டும் என்று கேட்டவர், பங்குச் சபைத் தலைவரான இதே யோசப்தான்.

"இதுக்கோ பிள்ளை பரிசு தந்தவங்கள்?" என்று கேட்டார் அவர். "குமர்ப்பிள்ளையள் இருக்கிற இடத்திலை காட்டுற படமோ இது?"

"ஷெல் பட்ட மனுசி ஒராள் குளிக்கிறா. அவ்வளவுதான் அங்கிள்," என்றாள் எவ்லின்.

"உடுப்பில்லாமல்."

"உடுப்போடை ஆர் குளிக்கிறது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யோசப் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. ஒரு தாய் மகனின் கண்ணைப் பொத்தினாள். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிந்த தலைகளிலிருந்து கண்கள் மட்டும் இடைக்கிடை சுவருக்குப் போய்த் திரும்பின. கதவடியில் நின்ற ஒருவர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கைத்தொலைபேசியைத் தூக்கிச் சுவரைப் படம் பிடித்தார்.

எவ்லின் பார்த்தாள்.

"வெள்ளைக்காரியெண்டாலும் பரவாயில்லை. இது எங்கடை நிறம்," என்றார் யோசப். "காசுக்கு உரிஞ்சுபோட்டு இருக்கிற அந்த மானங்கெட்டவள் ஆர்? எங்கை பிடிச்சனீ?"

"அவவை அப்பிடிச் சொல்லாதேங்கோ. ஒரு சதமும் வாங்கேல்லை அவ." எவ்லின் ஓரடி முன்னால் வந்தாள். "நடிகைக்குத் தழும்பு கீறுவம் எண்டு டிரெக்டர் சொன்னவர். அது பொய்யாத் தெரியும் எண்டு நான்தான் மறிச்சனான். அந்த அறைக்குள்ளை நானும் கமராவும் மட்டும்தான். டிரெக்டரைக்கூட உள்ளுக்கு விடேல்லை."

"அப்ப பேரைச் சொல்லு."

"ஏலாது. சொல்லுறேல்லை எண்டு வாக்குக் குடுத்தனான்."

"பாத்தீங்களோ. செய்தவளுக்கே வெளியிலை சொல்ல வெக்கமா இருக்கு." யோசப் சபையைப் பார்த்துக் கையை விரித்தார். சபை தலையாட்டியது.

முன்வரிசையிலிருந்து எவ்லினின் தகப்பன் பீலிக்ஸ் எழும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்திலிருந்த மனைவி அன்ரனிற்றா கையைப் பிடித்து இழுத்து அவரை இருத்தினாள். பெற்றவர்களைப் பார்க்க எல்லோருக்கும் பாவமாக இருந்தது.

"அன்ரனிற்றா, படம் எடுக்கேக்கை பிள்ளைக்குச் சமைச்சுப் போடவெண்டு நீங்களும் லண்டனிலை போய் நிண்டனீங்கள்தானே," என்றார் யோசப். "மோள் என்னத்தை எடுக்கிறாளெண்டு ஒருக்கால் பார்த்திருக்கக் கூடாதோ?"

அன்ரனிற்றா தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள்.

"சரி, ஒண்டு செய்வம். இவள் எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கட்டும். தனக்கும், அந்தப் பொம்பிளைக்கும் சேர்த்து. கேட்டால் பொன்னாடையைப் போடுவம். இல்லாட்டி இந்தக் குடும்பத்தோடை இனி ஒருத்தரும் நல்லது கெட்டதுக்குப் போறேல்லை."

எவ்லின் மைக்கை வாங்கினாள். யோசப்பைப் பார்க்கவில்லை, சபையைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா," என்றாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

சபைக்கு அது திருப்தியாக இருந்தது. பெற்றவளிடம்தானே முதலில் கேட்கவேண்டும். யோசப் பைக்குள் கைவிட்டுப் பொன்னாடையைத் தேடினார்.

அவருடைய மனைவி பற்றிமா எழும்பி வந்து அன்ரனிற்றாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். கையைப் பின்னால் போட்டு அணைத்து, ஆறுதலாகத் தடவிக்கொடுத்தாள்.

"பிள்ளை பிழையை உணர்ந்திட்டுது. நீ ஒண்டுக்கும் கவலைப்படாதை," என்றாள். பிறகு சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "ஆனால் அந்தப் பொம்பிளையைப் பார்க்க எனக்குச் சத்தி வருது அன்ரனிற்றா. என்ன அருவருப்பான உடம்பு. மனுசர் கை வைப்பினமோ அதிலை?"

அன்ரனிற்றாவின் கண்கள் சுவரிலேயே இருந்தன. அந்தப் படத்தைக் கூச்சமில்லாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த மண்டபத்தில் அவள் ஒருத்திதான்.

"இப்ப நீங்கள் தடவிக்கொண்டிருக்கிறது அந்த முதுகைத்தான், அக்கா."