பன்னிரண்டு அடியில் ஓர் அடைப்பு

கம்பி பன்னிரண்டு அடி உள்ளே போய், மெத்தென்று எதிலோ முட்டி நின்றது.

பஞ்சலிங்கத்துக்கு விளங்கவில்லை. சிங்கின் அடியில் இருந்த வளைகுழாயைக் கழற்றிப் பார்த்தாயிற்று. அது துப்புரவாகவே இருந்தது. குழாய்க்குள் கொழுப்பு என்றால் கம்பி வழுக்கும். மண் என்றால் கரகரக்கும். இது தள்ளினால் கொஞ்சம் அமிழ்ந்து, விட்டால் திரும்ப எழும்பியது.

"என்னண்ணை, ஊர் முழுக்கப் பம்பு திருத்திற மனிசன், சொந்தச் சிங்குக்கு முன்னாலை மூண்டு நாளாய்ச் சப்பாணி கட்டிக்கொண்டு இருக்கிறியள்?" குசினி வாசலில் நின்று கேட்டான் பக்கத்து வீட்டுத் தம்பிஐயா.

"பொறு. அடைச்சதுக்கு ஒரு காரணம் இருக்கும். கண்டுபிடிச்சுச் சொல்லுறன்."

அவர் சொல்லாமல் விடமாட்டார் என்பது புத்தூருக்கே தெரியும். ஒன்று விளங்கினால், அதைப் பத்துப் பேருக்கு விளக்கிய பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

இரண்டு கிழமைக்கு முன், இயக்கக்காரர் வீதியால் போகும் பொடியன்களைப் பிடித்துச் சண்டைப் பயிற்சிக்கு ஏற்றத் தொடங்கினார்கள். ஒரே மகனை விடியப்புறம் லொறியில் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன் என்றாள் மனைவி ஞானாம்பிகை. எந்தப் பாதை, எத்தனை மணித்தியாலம் என்பதையெல்லாம் பஞ்சலிங்கம் சந்தியில் நின்று விளக்கினார். ஊர் நம்பியது.

"விடுங்கோவன் இஞ்சாருங்கோ. நான் கிணத்தடியிலை கழுவிறன்," என்றாள் ஞானாம்பிகை.

அதுவும் அவருக்கு விளங்கவில்லை. இந்தச் சிங்குக்காகப் பத்து வருடம் சண்டை பிடித்தவள் அவள்.

கம்பியை உருவி எடுத்துக்கொண்டு வெளியே போனார். சுவரிலிருந்து குழாய் போகும் வழியே நிலத்தில் நீட்டினார். நுனி, வளவில் வெட்டியிருந்த பங்கரின் மேல் கிடந்தது.

செல்லடிக்குப் பதுங்கவென்று அந்தக் குழியை வெட்டியபோது குழாய் குறுக்கே வந்து, பிக்கான் பட்டு உடைந்திருந்தது. அவர்தான் சைக்கிள் ரியூப் சுற்றிப் பொருத்தினார். இறங்கிப் பார்க்கலாம் என்றால், புடையன் பாம்பு புகுந்ததைக் கண்டேன் என்று ஞானாம்பிகை வாசலை முள்ளுக் கொப்பால் அடைத்துவிட்டாள்.

திரும்பி வந்து, கம்பியை விட்டுப் பலமாக ஒரு குத்துக் குத்தினார். ஏதோ கழன்று விழுந்தது. குழாய் வாயால் ஈரமண் வாசம் வந்தது.

பிறகு கம்பி ஒரு சாண் அவர் பக்கம் திரும்பி வந்தது.

கம்பி தானாகத் திரும்பாது. பாம்பும் கம்பியைத் தள்ளாது.

பஞ்சலிங்கம் குழாய் வாயில் காதை வைத்தார்.

இரண்டு இருமல். அதன் பின்னால் விசில் போல ஓர் இழுப்பு.

அந்த இழுப்பை அவருக்கு இருபது வருடமாகத் தெரியும். ஒவ்வொரு மாரியிலும் அந்த நெஞ்சுக்கு எண்ணெய் தடவிவிட்டவர் அவர்தான்.

நிமிர்ந்தார். ஞானாம்பிகை அவரைப் பார்க்கவில்லை. அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னண்ணை, கள்ளன் பிடிபட்டானோ?" தம்பிஐயா ஒரு காலை உள்ளே வைத்தான்.

குழாய்க்குள் மறுபடி இருமல் கிளம்பியது. பஞ்சலிங்கம் அதைவிடப் பலமாக இருமினார்.

விளக்கம் முழுவதும் தொண்டைக்கு வந்துவிட்டது. சிங்கில் கழுவினால் ரியூப் சுற்றிய பொருத்துக் கசியும். கசிந்தால் கீழே படுத்திருப்பவன் நனைவான். அதனால்தான் ஞானாம்பிகை பொருத்தைக் கழற்றி, குழாய்க்குள் துணி அடைத்திருக்கிறாள்.

"சோத்துப் பருக்கை," என்றார்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

தம்பிஐயா மிச்சத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்து நின்றான். மிச்சம் வரவில்லை. போய்விட்டான்.

பஞ்சலிங்கம் வளைகுழாயைத் திரும்பப் பூட்டவில்லை. சிங்கின் ஓட்டைக்கு நேரே கீழே ஒரு வாளியை வைத்தார். நிரம்பினால் தூக்கிக்கொண்டு போய் வாழைக்கு ஊற்றலாம்.

சுவரில் இருந்த குழாய் வாயைத் திறந்தபடியே விட்டார். இனி அதற்குள் தண்ணீர் போகாது. காற்றுப் போகும்.