எண்ணெய்க் கறை

பெத்த அப்பா பார்த்துப் பார்த்துச் செய்த வேலையில் அழுக்கு எண்ணெயைப் பூசுகிற மகனை என்னவென்று சொல்வது?

மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவளுக்கு வயிறு எரிந்தது. காலையில் துணி காயப்போட பால்கனிக்கு வந்தவள், கீழ் வீட்டு மகன் ஷெட்டில் நிற்பதைப் பார்த்தாள். பழைய காரின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு டப்பாவிலிருந்து கறுப்பு ஆயிலைப் பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டு என்ஜின்மேல் பூசிக்கொண்டிருந்தான். ஒழுங்காகக் கட்டியிருந்த ஒயர்களையும் கிளிப்பிலிருந்து பிடுங்கிவிட்டான். சத்தமில்லாமல் பானெட்டை மூடினான். கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போயே விட்டான்.

அடப்பாவி!

அந்தக் கார் பெரியவருக்கு உயிர். அந்தக் காலத்து வண்டி. அவரும் அந்தக் காலத்து மெக்கானிக். என்ஜின் மூடிக்கு நீல பெயின்ட் அடித்தது, தொங்கிக் கிடந்த ஒயர்களையெல்லாம் ஓரமாக ஒளித்தது, ரேடியேட்டருக்குப் பித்தளையில் மூடி செய்து போட்டது எல்லாம் அவர் கைவேலைதான். காலையில் துணியை எடுத்தால் பொழுது சாயும்வரை துடைப்பார்.

முந்தின நாள்கூட அவரிடம் கேட்டாள்.

"என்னங்கய்யா, நேத்துதானே பளபளன்னு வச்சிருந்தீங்க?"

"வயசான வண்டிம்மா. ராத்திரியெல்லாம் கசியுது. என்னை மாதிரியேதான்!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"நீலம் அழகா இருக்குங்கய்யா."

"அவளுக்குப் பிடிச்ச கலர். இந்த வேலை முடிஞ்சதும் முதல் சவாரி அவளோடதான். வாக்குக் குடுத்திருக்கேன்."

"அம்மா எங்க? நான் இன்னும் பார்க்கவே இல்லையே?"

"கடைக்குப் போயிருக்கா. வந்துடுவா. அதுக்குள்ள முடிக்கணும்."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். கடையையே விலை பேசறாங்களோ என்னவோ என்று அவள் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. மாலையில் மகனை வாசலிலேயே மடக்கினாள்.

"ஏம்ப்பா, பெரியவர் கஷ்டப்பட்டுச் செய்யற வேலையை நீயே கெடுக்கறியே, நல்லாவா இருக்கு?"

அவன் முகம் சுண்டிப்போனது. "பார்த்துட்டீங்களா? அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. தயவுசெஞ்சு இதுல தலையிடாதீங்க."

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். அவன் ஓடிவிட்டான்.

செய்யறதையும் செஞ்சுட்டு எனக்கே புத்தி சொல்றானே! அவளுக்கு ஆறவில்லை.

மறுநாள் அவளுக்கு லீவு. மகன் பூசிவிட்டுப் போனதுதான் தாமதம், துணியும் மண்ணெண்ணெயுமாக ஷெட்டுக்கு இறங்கிவிட்டாள். பெரியவர் செய்வதைப் பார்த்திருக்கிறாளே, அது போதாதா? நீல மூடியைத் துடைத்தாள். ஒயர்களைக் கிளிப்பில் மாட்டினாள். பித்தளை மூடியை முகம் தெரிகிற மாதிரி தேய்த்தாள். இடுப்பு விட்டுப்போனது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

பெரியவர் எழுந்து வந்து பானெட்டைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

"கசியல! அம்மாடி, இங்க வந்து பாரேன், கசியவே இல்ல! வேலை முடிஞ்சுபோச்சு!"

ஓடிப்போய்க் குளித்தார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார். தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து ஹாரனை அடித்தார்.

"ஏய், கிளம்பியாச்சா? வண்டி ரெடி!"

உள்ளே போனார். சமையலறையில் தேடினார். படுக்கையறையில் தேடினார். பின்வாசல் கதவைத் திறந்து பார்த்தார்.

"எங்க போனா? அம்மாடி, நீ அவளைப் பார்த்தியா?"

"கடைக்குப் போயிருக்காங்கன்னு சொன்னீங்களேய்யா..."

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். அவள் பயந்துபோய் மகனுக்கு போன் போட்டாள்.

அவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அப்பாவைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தான்.

"அம்மா இல்லப்பா."

"இல்லன்னா? எங்கடா போனா?"

"செத்துப்போயிட்டாங்கப்பா."

"ஐயோ! எப்போடா? ஏண்டா எங்கிட்ட சொல்லல? முகத்தைக்கூடப் பார்க்கலியேடா பாவி!"

"பார்த்தீங்கப்பா. கடைசிவரைக்கும் நீங்கதான் கையைப் பிடிச்சிட்டிருந்தீங்க."

எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்து, போட்ட சட்டையோடு தூங்கிப்போனார்.

மகன் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

"அம்மா போன வருஷமே போயிட்டாங்கக்கா. அப்பாவுக்கு அது நினைவுல நிக்கறதில்ல. வேலை முடிஞ்சா அம்மாவைத் தேடுவார். சொன்னா, இப்பத்தான் செத்த மாதிரி இதே அழுகை. வேலை பாக்கி இருக்கறவரைக்கும்தான் அவருக்கு அம்மா கடைக்குப் போயிருக்காங்க."

அவளும் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியாதேப்பா..."

"உங்க மேல என்னக்கா தப்பு? நான்தான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல."

மறுநாள் காலை அவன் ஷெட்டுக்கு வந்தபோது பானெட் திறந்திருந்தது. டப்பா இருந்த இடத்தில் இல்லை. நீல மூடி முழுக்கக் கறுப்பு வழிந்தது. பித்தளை மூடிகூடத் தப்பவில்லை.

மாடிவீட்டுக்காரி கண்ணைத் துடைத்ததில் அவள் கன்னத்திலும் ஆயில் ஒட்டியிருந்தது.

"நீ வேலைக்குக் கிளம்புப்பா. இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாவே பூசியிருக்கேன். ஐயா நிதானமா துடைக்கட்டும்."